ஓட்டு வீடு ஒழுகல்: புதுப்பிப்பு

போன வாரம் கேட்டிருந்தேனே, சோழவந்தானில் அம்மா இருக்கும் பழைய வீடு, தேக்குக் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்), மேலே சீமை ஓடு, நடு அறையில் ஒழுகுகிறது, ஐப்பசி கார்த்திகை மழை முடியும் வரை தாக்குப்பிடிக்க என்ன செய்யலாம் என்று. செய்ததைச் சொல்கிறேன்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடியது தப்பு. தண்ணீர் கைமரத்தை ஒட்டியே வழிந்து வந்து, ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) குறுக்கிடும் இடத்தில்தான் சொட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் மரத்தில் கறுத்த கோடு ஒன்று முகடு வரைக்கும் போகிறது. அங்கே முகட்டு ஓட்டுச் சாந்து விரிந்து, விரல் நுழையும் அளவு இடைவெளி.

தார்ப்பாயை ஒழுகும் இடத்தின் மேல் மட்டும் போடாதீர்கள் என்று ஒருவர் சொன்னது ரொம்பச் சரி. மேல் விளிம்பு முகட்டைத் தாண்டி மறுபக்கம் 2 அடியாவது இறங்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். ஆணி அடிக்கவில்லை, இரண்டு பக்கமும் மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். ஏறுகிறவர்கள் பலகை போட்டு ஏறுங்கள், ஈர ஓடு வழுக்கும், உடையும். தார் டேப் ஈரத்தில் ஒட்டவே இல்லை. மதிய வெயிலில் துடைத்துக் காயவைத்து ஒட்டியதுதான் நிற்கிறது.

நேற்று ராத்திரி நல்ல மழை, ஒரு சொட்டு இல்லை. அம்மா பாத்திரங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஆனால் பாய்க்கு அடியில் ஈரம் நின்றால் மரம் இற்றுவிடும், அதனால் வெயில் நாளில் பாதி சுருட்டி வைக்கிறோம். தை பிறந்ததும் கொத்தனாரை வைத்து முகட்டைப் பூச வேண்டும்.