திருப்பிக் கொடுத்தார்களா, பறித்தார்களா?

குறுக்குச்சால்:
நேற்று பழைய ரிக்கார்டு ஐயா, "அந்தக் காலக் கலைஞர்களுக்கு இருந்த மானம்" என்று நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தார். இன்றைய பிரபலங்கள் தப்பு செய்துவிட்டு, கேமரா முன் கண்ணைக் கசக்கி, அந்தக் காணொளியிலும் காசு பார்க்கிறார்கள் என்றார். அதுவரை சரி. அதற்கு எதிராக அவர் நிறுத்திய உத்தமர்கள் யார் தெரியுமா? வேறு யாரோ பாடியதற்கு வாயசைத்த மில்லி வனிலி என்ற பாப் இரட்டையர்! "தாங்கள் பாடவில்லை என்பது வெளியே வந்ததும் கிராமி இசை விருதைத் தாங்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, அவர்கள் கொடுக்கவில்லை. பறித்தார்கள். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகம் என்று வாங்கிய விருது, அதே ஆண்டு நவம்பரில் ரத்து ஆனது. கிராமியில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. திருடனிடமிருந்து பொருளை மீட்டால் அவன் தானம் செய்தான் என்று கல்வெட்டு வைப்பீர்களா?

பழைய ரிக்கார்டு:
தம்பி, அந்த வாரச் செய்தித்தாளைக் கையில் வைத்துப் படித்தவன் நான். நீங்கள் அப்போது பிறந்திருந்தீர்களோ என்னவோ. ராப் பிலட்டஸ், ஃபேப் மோர்வன் இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் நிருபர்களைக் கூப்பிட்டு நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். விருது எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓடி ஒளியவில்லை. இன்று யார் அப்படி உட்காருவார்கள், சொல்லுங்கள்.

குறுக்குச்சால்:
நிருபர்களைச் சந்தித்தது நவம்பர் 20. ரத்து ஆனது 19. காலண்டர் உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் 19தான் முதலில் வரும்.

மின்மினி:
நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். நேர்மை வேறு, கண்ணியம் வேறு, நாகரிகம் வேறு. மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம்? அதை முடிவு செய்துவிட்டுத் தொடங்கலாமே.

பழைய ரிக்கார்டு:
19க்கு முன்பே திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சொல்லுக்கு மதிப்பு இருந்த காலம் அது.

குறுக்குச்சால்:
சொல்லுக்கு மதிப்பா? பாட்டே அவர்களுடைய சொல் இல்லையே! பிராட் ஹவல், ஜான் டேவிஸ் போன்றவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினார்கள். இவர்கள் முடியை ஆட்டினார்கள். தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் நிருபர்களிடம் உண்மையைப் போட்டு உடைத்த பிறகுதான் இவர்களுக்கு மானம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மேடையிலேயே ஒலிநாடா சிக்கிக்கொண்டு, ஒரே அரை வரி திரும்பத் திரும்ப ஓடியது. பிலட்டஸ் மேடையை விட்டே ஓடினார். "ஓடி ஒளியவில்லை" என்று எழுதியவர் கவனிக்கவும். அன்று இரவே விருதும் வேண்டாம், வேஷமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். சொல்லவில்லை. அப்புறம் போய் கிராமியும் வாங்கினார்கள்.

தூக்கம்வரலை:
ஒரே அரை வரி திரும்பத் திரும்ப ஓடுவது கனெக்டிகட்டில் மட்டுமல்ல, இங்கேயும்தான் 😴

பழைய ரிக்கார்டு:
சிரியுங்கள். 2022 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் வில் ஸ்மித் ஒருவரை அறைந்தார். உலகமே பார்த்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதே கையில் சிறந்த நடிகர் விருது! அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு பத்து ஆண்டு விழாவுக்கு வரக்கூடாது என்றார்கள். விருதைக் கேட்டார்களா? இவராவது கொடுத்தாரா? என் பதிவின் சாரமே இதுதான். அன்று தப்புக்கு விலை இருந்தது.

குறுக்குச்சால்:
அன்று விலை இருந்தது என்றால் யார் வாங்கிய விலை? பறித்தவர்கள் வாங்கியது. அப்படியானால் பறித்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

பழைய ரிக்கார்டு:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மின்மினி:
நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாடகர் குரல் திரையில் சின்னச் சின்னக் குமிழ்களாக வரும். சுருதி விலகின குமிழைப் பிடித்து மேலே நகர்த்துவேன், இழுத்தது போதாவிட்டால் நீட்டுவேன். ஒரு பாட்டுக்கு இருநூறு இடமாவது கை வைக்காமல் விட்டதில்லை. போன மாதம் ஒரு பாடகர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மூச்சு வாங்குற சத்தத்தை மட்டும் அழிச்சிடாதீங்க, அப்பத்தான் உண்மையா பாடின மாதிரி இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பாடியது அவர்தான். ஆனால் கேட்கிறவர் காதில் விழுவது அவர் பாடியதா, நான் நகர்த்தியதா? எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் முதலில் வரையறை கேட்டேன்.

தூக்கம்வரலை:
சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் வந்ததும் இசையே செத்துவிட்டது. பாடகி ஷெர் 1998இல் ஆரம்பித்து வைத்த வினை.

மின்மினி:
ஷெர் ஒளித்து வைக்கவில்லையே! இயந்திரக் குரல் என்று யாருக்கும் கேட்கும்படி வேண்டுமென்றே செய்தது அது. கேட்காதபடி செய்வதுதான் என் தினசரி வேலை.

தூக்கம்வரலை:
அப்போ கொலைகாரி நீங்கள்தான். நீங்களே ஒப்புக்கொண்டது.

குறுக்குச்சால்:
மின்மினி சொன்னது முக்கியம், ஆனால் கேள்வியைத் திசைதிருப்ப வேண்டாம். அந்தக் காலம் அந்தக் காலம் என்கிறாரே ஐயா, 1964இல் வந்த 'மை ஃபேர் லேடி'யில் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் பாட்டில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்சன். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ட்வென்டி ஒன்' வினாடி வினாவில் சார்லஸ் வான் டோரன் நெற்றியைத் துடைத்து, உதட்டைக் கடித்து யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். 1,29,000 டாலர் ஜெயித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், பார்த்தால் கண்ணியத்தின் மறுஉருவம்! கேள்வியும் பதிலும் முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்டிருந்தன என்று 1959 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால்தான் சொன்னார். அதுவரை மறுத்தார். அதுவும் பெரிய நடுவர் மன்ற விசாரணையில், சத்தியம் செய்துவிட்டு!

பழைய ரிக்கார்டு:
பாருங்கள், அவரும் கடைசியில் தாமே ஒப்புக்கொண்டார் அல்லவா? வேலையையும் இழந்தார். பிறகு பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. அதைத்தான் நான் கண்ணியம் என்கிறேன். இன்றாக இருந்தால் மறுநாளே தானே ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்திருப்பார்.

தூக்கம்வரலை:
இது மட்டும் உண்மை 😂

குறுக்குச்சால்:
மாட்டிக்கொண்டு ஒப்புக்கொள்வது கண்ணியம் என்றால் சிறைச்சாலை முழுக்கக் கண்ணியவான்கள்தான். கேட்ட கேள்விக்கு வாருங்கள். மில்லி வனிலி திருப்பிக் கொடுத்தார்களா, பறித்தார்களா?

பழைய ரிக்கார்டு:
நேர்மையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா? போன வருடம் பழைய வானொலிகளைப் பற்றி ஒரு கட்டுரையை உங்கள் பெயரில் போட்டீர்களே. அதில் மூன்று பத்தி யாருடையது? நான் கண்டுபிடித்துச் சொன்னதும் சத்தமில்லாமல் நீக்கினீர்கள்.

குறுக்குச்சால்:
நீக்கவில்லை. திருத்தினேன். மேற்கோள் குறி விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேர் வந்து பாராட்டியது பொறுக்காமல் நீங்கள் கிளப்பிய பிரச்சினை அது.

தூக்கம்வரலை:
நீங்களாகத் திருத்தினீர்களா, அவர் சொன்ன பிறகா? தேதி என்ன? உங்கள் வீட்டுக் காலண்டரில் பார்த்துச் சொல்லவும்.

குறுக்குச்சால்:
அது வேறு, இது வேறு.

பழைய ரிக்கார்டு:
ஆஹா!

மின்மினி:
பிலட்டஸ் 1998இல் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். ஃபாரியனுக்கு அதற்கப்புறமும் தொழில் நடந்தது. பாடவைத்தவரும் வாயசைக்கவைத்தவரும் ஒரே ஆள். அவர் பெயர் இங்கே ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அந்த இரண்டு பையன்கள் கொடுத்தார்களா பறித்தார்களா என்றே எத்தனை பதிவு போடுவீர்கள்?

குறுக்குச்சால்:
பறித்தார்கள் என்று ஐயா எழுதும்வரை.

பழைய ரிக்கார்டு:
அந்தச் செய்தியை வெட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை வருவான், எடுத்துப் படம் பிடித்துப் போடுகிறேன். திருப்பித் தருகிறோம் என்று சொன்னது அதில் அச்சிலேயே இருக்கிறது.

குறுக்குச்சால்:
தாராளமாகப் போடுங்கள். தேதி தெரிகிற மாதிரி. ஓரத்தை வெட்டிவிடாமல்.

பழைய ரிக்கார்டு:
வெட்டுவது ஒட்டுவதெல்லாம் உங்கள் பழக்கம் தம்பி.

தூக்கம்வரலை:
மின்மினி அக்கா, அந்த மூச்சு விட்ட பாடகர் யார்? முதல் எழுத்து மட்டும் சொல்லுங்கள்.

மின்மினி:
சொல்ல மாட்டேன்.

குறுக்குச்சால்:
ஞாயிறு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நவம்பர் 19. இதை மட்டும் யாராவது மறுத்துவிட்டுப் போகலாம்.