துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்தும் தொலைநோக்கியில் படம் நழுவுகிறது, உதவி தேவை

மாடிவானம் | இரவு 9.40
புதுத் தொலைநோக்கி. வடக்கே நிறம் மாறி மாறி மின்னும் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் தாங்கியின் சுழல் அச்சை வைத்து, வானம் நகர்வதற்கு ஈடாகக் குழாயைத் திருப்பும் மோட்டாரையும் போட்டேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஐந்தே நிமிடத்தில் கண்வில்லையை விட்டு வெளியேறுகிறது. தீபத்தன்று பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். மோட்டார் பழுதா? கடைக்குத் திருப்பி அனுப்பலாமா?

நாழிகை | 9.52
எந்த ஊர்? எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? அந்த நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம்? இவை தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

தென்காற்று | 9.58
மோட்டாரில் வடக்கு, தெற்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது தெற்கில் இருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். என்னுடையதில் இதே தொல்லைதான் வந்தது. முதலில் அதைப் பாருங்கள்.

நாழிகை | 10.03
அப்படியானால் மோட்டாரை நிறுத்தியதும் நழுவும் வேகம் பாதியாகக் குறைய வேண்டும். குறைகிறதா?

கல்தச்சன் | 10.10
சுவிட்ச் எல்லாம் இல்லை, திசைகாட்டிதான் காரணம். மாடிக் கைப்பிடிக் கம்பி, இரும்புத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்தால் போனில் உள்ள திசைகாட்டி எங்கேயோ காட்டும். தெருவில் இறங்கி நின்று பாருங்கள்.

பழையவில்லை | 10.21
இதை எத்தனை முறை எழுதுவது? துருவ நட்சத்திரம் வானத்திலேயே பிரகாசமானது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் தம்பி? பிரகாச வரிசையில் முதல் நாற்பதில்கூட அதற்கு இடமில்லை. அது நிறம் மாறி மின்னி யாரையும் அழைக்காது. கருவி வாங்கும் முன் ஒரு மாதம் வெறும் கண்ணால் வானம் பார்த்திருக்க வேண்டும்.

மாடிவானம் | 10.34
மதுரை. எட்டரை மணி. மொட்டை மாடி. உயரத்தை எப்படி அளப்பது?

நாழிகை | 10.41
கையை முழுதாக நீட்டி முட்டி மடக்கினால் அகலம் ஏறத்தாழ 10 பாகை.

மாடிவானம் | 10.55
இரண்டு முட்டி. இப்போது இன்னும் மேலே ஏறிவிட்டது.

நாழிகை | 11.08
ஏறிவிட்டது என்றாலே அது துருவ நட்சத்திரம் இல்லை. துருவ நட்சத்திரம் நிற்கும் உயரம் பார்ப்பவரின் அட்சரேகைக்குச் சமம். மதுரைக்கு 10 பாகை, அதாவது ஒரே முட்டி, இரவு முழுதும். நீங்கள் பிடித்தது வடகிழக்கில் உதிக்கும் கபெல்லா, நம் பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் பிரம்மஹிருதயம். துருவ நட்சத்திரத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு பிரகாசம். தாழ்வாக இருக்கும்போது கலங்கும் காற்றுமண்டலம் ஒளியை வளைத்து நிறம் பிரிப்பதால் சிவப்பும் பச்சையுமாக மின்னும். உங்கள் அச்சு 40 பாகைக்கும் மேல் விலகி நிற்கிறது. மோட்டார் பாவம்.

நாளை எட்டரைக்கு நேர் வடக்கே நான்கு முட்டி உயரத்தில் ஆங்கில 'எம்' போல ஐந்து நட்சத்திரங்கள் தெரியும். அது காசியோப்பியா. அதன் நடு நட்சத்திரத்திலிருந்து மூன்று முட்டி கீழே இறங்குங்கள். சப்தரிஷி மண்டலத்தைத் தேடாதீர்கள், இந்த மாதம் அது விடியலுக்கு முன்தான் வரும்.

வைகைக்கரை | காலை 6.15
துருவனைத்தானே சங்கப் பாடல்கள் வடமீன் என்கின்றன? கொற்கை மாலுமிகளுக்கு வழிகாட்டியதும் அதுதான்.

பழையவில்லை | 6.50
தவறு. கற்புக்கு உவமையாக வரும் வடமீன் அருந்ததி. சப்தரிஷியின் வாலில், வசிஷ்டனை ஒட்டி நிற்பது. மேலும் 2000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய துருவ நட்சத்திரம் துருவத்தை விட்டு 10 பாகைக்கும் மேல் விலகி இருந்தது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டம் சுழல்கிறது, அதனால். கொற்கையின் அட்சரேகை எட்டரைப் பாகைதான். அங்கே அது தினமும் கடலுக்குள் மறைந்து எழுந்திருக்கும்.

வைகைக்கரை | 7.05
மறைந்து எழுந்தாலும் வடக்கு வடக்குத்தானே? உதிக்கும் இடத்துக்கும் மறையும் இடத்துக்கும் நடுவே பார்த்தால் திசை கிடைக்காதா?

பழையவில்லை | 7.20
கிடைக்கும். ஆனால் அதற்கு எந்த வட நட்சத்திரமும் போதும்.

தென்காற்று | 7.31
சுவிட்சைப் பார்த்தீர்களா?

மாடிவானம் | மறுநாள் இரவு 9.15
'எம்' கிடைத்தது. கீழே தெருவிளக்குப் புகையில் மங்கலாக ஒரு புள்ளி, பைனாகுலரில்தான் தெரிந்தது. அச்சை அங்கே திருப்பினேன். கார்த்திகை இருபது நிமிடமாக அப்படியே நிற்கிறது. சின்னவள் ஏழு எண்ணினாள். நன்றி.

கல்தச்சன் | 9.40
திசைகாட்டியைத் தெருவில் வைத்துப் பார்த்தீர்களா?