அப்பாயி வீட்டுக் குழு: சவுக்குப் பலகை

சனி, காலை 7.12

குமார்: [படம்] மாமா, தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் விழுந்த சவுக்கு. மரக்காலையில் அறுத்த பலகை, 7 அடி நீளம், 2 அங்குலத் தடிப்பு. வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில், அப்பாயிக்கு ஒரு பெஞ்சு. முன் ஓரத்தை மரம் வளர்ந்தபடியே விடப்போகிறேன்.

செல்வம் மச்சான்: சவுக்கா? எங்கள் பக்கம் கடற்கரையில் நிற்குமே, விறகுக்கு வெட்டுவது?

ராசு மாமா: அது வேறு மாப்பிள்ளை. எங்கள் சவுக்கு தேயிலைக்கு நிழல் மரம். தோட்டத்து ஆபீசில் கிரவீலியா என்பார்கள். குமாரு, அறுத்து எத்தனை மாதம்?

குமார்: ஒன்றரை வருடம். இடையில் மெல்லிய ரீப்புச் சட்டம் வைத்து அடுக்கி மேலே தகரம் போட்டிருந்தேன். இரண்டு முனையிலும் மிச்ச பெயின்ட் பூசினேன், வெடிக்கவில்லை.

ராசு மாமா: அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது வாய்க்கணக்கு. நம்ம மூடுபனிக்கு அது போதாது. நிறுத்துப் பார்த்தாயா?

குமார்: கொழுந்துத் தராசில் தொங்கவிட்டேன். தை மாதம் 31 கிலோ. போன மாதம் 29. நேற்றும் 29.

ராசு மாமா: எடை அசையவில்லையா, அப்படியென்றால் காய்ந்துவிட்டது. தொடங்கு.

மாலதி அக்கா: பட்டையை எடுக்காதே தம்பி, அதுதான் அழகு!

ராசு மாமா: அழகுதான் பிள்ளை. ஆனால் காய்ந்த பட்டை இன்றைக்கோ நாளைக்கோ கழன்று விழும். அதற்குள் அடியில் பூச்சி குடிவந்துவிடும். பட்டைக்கு உள்ளே இருக்கும் இளமரம், அந்த வெளிறில்தான் மாவுச்சத்து. மரம் துளைக்கும் உளுவுக்கு அதுதான் சோறு. குமாரு, மழுங்கின உளியைப் படுக்கவைத்து நெம்பு. கூரானது மரத்துக்குள் இறங்கிவிடும்.

பகல் 2.40

குமார்: மாமா, ஒரு பிழை நடந்துவிட்டது. உளி மெதுவாகப் போகிறதென்று கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டினேன். [படம்]

ராசு மாமா: அட பாவி. ஒரு சாண் நீளத்துக்கு நெளிவே இல்லை, அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி!

ராசு மாமா: சரி விடு. பள்ளத்தை நிரப்பப் பார்க்காதே. அரை வட்ட அரத்தை உருட்டி உருட்டி இரண்டு பக்கமும் ஓர் அடிக்கு இழுத்துவிடு, வெட்டு கரைந்துபோகும். அப்புறம் 120, 180 சாண்ட்பேப்பர். கட்டையில் சுற்றாதே. மடித்து விரல் நுனியில் பிடி, பள்ளத்துக்குள் விரல் இறங்க வேண்டும். மிச்ச இடத்துக்குத் தும்பு பிரஷ் போதும்.

மாலதி அக்கா: படத்தில் கை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?

ராசு மாமா: சவுக்குத் தூள் சிலருக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டை போடு, மூக்கில் துணி கட்டு.

மாலை 5.05

குமார்: ஓரத்தில் ஒரு கறுப்புக் குழி. உள்ளே துருப்பிடித்த ஆணி. [படம்]

மாலதி அக்கா: அப்பாயி படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “அது கொடிக்கயித்துக்கு உங்க தாத்தா அடிச்ச ஆணிடா. ஈரத்துணி மண்ணுல இழுபடுதுன்னு மூணு நாள் சண்ட போட்டு அடிக்க வச்சேன்.”

குமார்: பிடுங்கவா?

ராசு மாமா: வேண்டாம். தலை நீட்டிக்கொண்டிருந்தால் தட்டி இறக்கு, சேலை மாட்டும். அந்தக் கறுப்பை மட்டும் தேய்த்துவிடாதே.

செல்வம் மச்சான்: அப்புறம் பளபளவென்று வார்னிஷ்தானே?

ராசு மாமா: மேல்பக்கத்துக்கு வேண்டுமானால் அடிக்கலாம். இந்த நெளிவுக்கு அது கண்ணாடி ஒட்டின மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்காது. லின்சீட் ஒயில், அதுதான் ஆளிவிதை எண்ணெய், 3 தடவை மெல்லிசாகப் பூசு. கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். இந்தக் குளிரில் ஒவ்வொரு பூச்சும் காய இரண்டு மூன்று நாள் போகும். அடிப்பக்கத்தையும் மறக்காதே. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

ராசு மாமா: இன்னொன்று. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடு.

குமார்: கொடி கட்டின மரம்தானே மாமா பெஞ்சாகிறது 😅

மாலதி அக்கா: அப்பாயி கேட்கிறார், புதுக்கொடி எப்போது கட்டுவாய் என்று. பெஞ்சு அதற்குப் பிறகு போதுமாம்.