புதுப்பிப்பு: உவர்மலைக் கடைக் கணினியின் சான்றிதழ்ப் பிழை தீர்ந்தது

காலையில் கணினியைப் போட்டதும் குரோமில் எல்லாத் தளங்களிலும் "இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று வருவதாக முன்பு எழுதியிருந்தேன். தளங்களில் பிழை இல்லை. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்ட் பற்றரிதான் இறந்திருந்தது. இரவில் பிளக்கைக் கழற்றினால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்கு "இன்னும் தொடங்காதவை" ஆகிவிடும்.

மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, 3 வோல்ட் சிஆர்2032 பற்றரியை + பக்கம் மேலே தெரியப் போடுங்கள். பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) தேதியைக் கையால் திருத்துங்கள். வித்தியாசம் 15 மணித்தியாலத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுக்கலாம், அதனால்தான் இந்த வரிசை முக்கியம். பிறகு நேரவலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர, +5:30 என்று பார்த்து, நேரத்தை இணையத்தோடு ஒத்திசையுங்கள்.

பழைய ஆண்ட்ராய்ட் போன் பற்றிக் கேட்டவருக்கு: தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் பதிப்பைப் பாருங்கள். 7.1.1-க்கு முந்தியவற்றில் தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் புதிய மூலச் சான்றிதழ் (அதன் மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானது) இல்லை. பயர்பொக்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதில் முயலுங்கள். அது போனின் பட்டியலை அல்ல, தன் சொந்த மூலச் சான்றிதழ்ப் பட்டியலையே பார்க்கும்.

எச்சரிக்கையைத் தாண்டி வங்கித் தளத்துக்குள் மட்டும் போகவே வேண்டாம்.