பழைய ஆண்ட்ராய்டுக்குப் பேட்டரி மாற்றலாமா, ஐபோனுக்கே போய்விடலாமா?

மயிலை_வாசகன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2020-இல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். 6 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ். பெரிய அப்டேட் ஆண்ட்ராய்டு 12-உடன் நின்றுவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டின் கடைசித் தேதி 2024 என்று காட்டுகிறது. சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே போனபின் கேமராவைத் திறந்தால் அணைந்துவிடுகிறது. ஸ்டோரேஜில் மிச்சம் 6 ஜிபிதான். போட்டோவைத் திறந்தாலே திணறுகிறது.

இரண்டு சிம், இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு யூபிஐ, 14 ஜிபி வாட்ஸப், தினமும் நிறையத் தமிழ்த் தட்டச்சு. இதுதான் பயன்பாடு. பேட்டரி மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமா? புதிது என்றால் 20,000 ரூபாய்க்குள் ஆண்ட்ராய்டா, கூடப் போட்டு ஐபோனா? அத்தை மகன் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அவரிடம் ஐபோன் வாங்கிவரச் சொல்லலாமா?

ரிச்சி_பட்டறை:

சார், நீங்க சொல்றது ரெண்டு தனித்தனி கோளாறு. ஒண்ணா சேர்த்துப் பாக்காதீங்க.

20 சதவீதத்துல அணையுறது பேட்டரி வயசாயிடுச்சுங்கறதுக்கு அடையாளம். வருஷம் ஆக ஆக பேட்டரியோட உள்தடை ஏறும். கேமரா, வீடியோ கால் மாதிரி திடீர்னு கரண்ட் இழுக்கற வேலை வந்தா வோல்டேஜ் சட்டுனு இறங்கும், போன் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். பேட்டரி மாத்தினா இது சரியாயிடும். ஆனா போட்டோ திணர்றது ஸ்டோரேஜ் நிரம்பினதால. 128-ல 6 தான் காலின்னா, புதுசா எழுத ஒவ்வொரு தடவையும் பழைய இடத்தைக் கிளறி ஒதுக்கணும், அதுலதான் நேரம் போகுது. குறைஞ்சது 20 ஜிபி காலி பண்ணிட்டுப் பாருங்க. வாட்ஸப்ல செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், மேனேஜ் ஸ்டோரேஜ் போனா 5 எம்பிக்கு மேல உள்ள வீடியோவெல்லாம் வரிசையா நிக்கும். பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.

பேட்டரி மாத்தறதுன்னா முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. அந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லைன்னு சொன்னா மட்டும் ரிச்சி தெரு, சென்னையோட எலக்ட்ரானிக்ஸ் சந்தை. அங்க வாங்கும்போது பேட்டரி மேல அச்சடிச்ச தயாரிப்பு மாசத்தைப் பாருங்க. மூணு வருஷம் பெட்டியில கிடந்த "புது" பேட்டரி பாதி செத்ததுதான். ஒரிஜினலோட கொள்ளளவு 6000 எம்ஏஎச், அதே சைஸ்ல 8000-னு போட்டிருந்தா தொடவே வேண்டாம். மாத்தினப்புறம் பின்பக்க மூடியைச் சுத்தி புது பசை டேப் ஒட்டினாங்களான்னு பாருங்க. பழைய பசையையே அழுத்தி விட்டா நவம்பர் மழையில தண்ணி உள்ள போயிடும். போன்ல தண்ணி தாங்கும்னு எழுதியிருந்தாலும், மூடியைத் திறந்த பிறகு அதை நம்பக்கூடாது.

பேட்டரி உப்பி டிஸ்ப்ளே ஓரம் தூக்கியிருந்தா மட்டும் சார்ஜ் போடாதீங்க, அப்படியே எடுத்துட்டு வாங்க.

இன்னொண்ணு. நம்ம ஊர் வெயில்ல பேட்டரியைக் கொல்றது சார்ஜ் எத்தனை தடவை போட்டோம்கறதை விட சூடுதான். ஆப்பிள் தன்னோட போனுக்கே சுத்துப்புறச் சூடு 35 டிகிரி வரைக்கும்தான்னு சொல்லுது. மே மாசம் பைக் ஹேண்டில்ல மாட்டி, மேப் ஓட விட்டு, கூடவே சார்ஜும் போட்டா எந்தப் போனும் தாங்காது. சூடு ஏறினா ஐபோன் சார்ஜை நடுவுல நிறுத்தி வைக்கும். அது பழுது இல்ல.

என் கணக்குல, பேட்டரி மாத்திக்கோங்க. புதுசு வாங்க அவசரப்படாம நல்ல விலை வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். அப்புறம் ரெண்டாவது போனா வெச்சுக்கலாம்.

நிரல்_நெசவாளி:

பட்டறைக்காரர் சொன்ன பேட்டரிக் கணக்கில் தவறில்லை. ஆனால் இரண்டு வங்கிக் கணக்குகள் இருக்கும் போனை 2024-இல் நின்ற பாதுகாப்புத் தேதியோடு இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து யூபிஐயை எடுத்துவிடுங்கள்.

அப்டேட் நின்றது என்றால் எல்லாமே நின்றுவிட்டது என்று பொருளல்ல. ஆண்ட்ராய்டில் குரோம், ஆப்புகள் உள்ளே பயன்படுத்தும் வெப்வியூ, கூகுள் பிளே சேவைகள் எல்லாம் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே வந்துகொண்டிருக்கும். வராமல் போவது கெர்னல், மோடம், புளூடூத் டிரைவர் போன்ற அடித்தளத் திருத்தங்கள். ஐபோனில் கதை வேறு: பிரவுசரின் எந்திரமே ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸோடு கட்டப்பட்டது. ஐஓஎஸ் திருத்தம் நின்றால் பிரவுசரும் பழசாகிவிடும். ஆனால் அது நிற்க நெடுநாள் ஆகும். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் ஐஓஎஸ் 18 வரை பெற்றது; 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-இல்தான் விடுபட்டது. 2019-இன் ஐபோன் 11-க்கு ஐஓஎஸ் 26 கிடைத்தது. (18-க்கு அடுத்து நேராக 26, ஆப்பிள் எண் வைக்கும் முறையை மாற்றியதால்.)

ஆண்ட்ராய்டில் இப்போது கம்பெனிகள் வாக்குறுதி தருகின்றன. 2023-இன் பிக்சல் 8, 2024-இன் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் 7 ஆண்டு. உங்கள் 20,000-க்குள் பார்த்தால், 2024-இல் 18,999 ரூபாயில் தொடங்கிய கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 ஆண்டு. இங்கே பலர் தவறுவது ஒரே இடத்தில்: ஆண்டுகளை எண்ணுவது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் கடையில் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 4 ஆண்டு வாக்குறுதியோடு வந்த மாடலைத் தள்ளுபடியில் இரண்டாண்டு கழித்து வாங்கினால் பாதிதான் மிச்சம். ஆகவே விலையை மிச்ச ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய்க்கு 2 ஆண்டு மிச்சம் என்றால் ஆண்டுக்கு 6,000. 20,000-க்கு 5 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 4,000. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

ஆனால் 20,000 ரூபாய் போனில் அப்டேட் ஆறாண்டு வந்தாலும் வேகம் அதுவரை தாங்காது. நான்காவது ஆண்டில் மெதுவாகத்தான் இருக்கும். அதனால் ராம் 8 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள்.

தமிழ்த் தட்டச்சை வைத்து எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஐஓஎஸ்ஸில் 2013 முதலே அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற தட்டச்சு ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். போனின் மொழியையே தமிழாக்குவது ஆண்ட்ராய்டில் நெடுநாளாக உண்டு. ஐபோனில் 2025-இன் ஐஓஎஸ் 18.4-இல்தான் வந்தது. அழைப்பைப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் கவனியுங்கள்: ஐபோனில் அது ஐஓஎஸ் 18.1 முதல் உண்டு, ஆனால் பதிவாகிறது என்று இருவருக்கும் அறிவித்துவிட்டே தொடங்கும்.

உங்கள் பயன்பாட்டுக்கு ஆண்ட்ராய்டே போதும் என்பது என் முடிவு. ஆறேழு வருடம் ஒரே போனை வைத்திருப்பவர் என்றால் மட்டும் ஐபோனுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். அப்படியென்றால் செப்டம்பரில் புது மாடல் வரும்வரை பொறுங்கள். ஐபோன் 17 வந்தபோது ஐபோன் 16-இன் விலை 79,900-இலிருந்து 69,900 ஆனது. தீபாவளித் தள்ளுபடியும் அதையொட்டியே வரும்.

மயிலை_வாசகன்:

தெளிவாக இருக்கிறது, இருவருக்கும் நன்றி. ஐபோனுக்கே போனால் வாட்ஸப், யூபிஐ இரண்டையும் எப்படி நகர்த்துவது? அமெரிக்கப் போன் பற்றியும் சொல்லுங்கள்.

அடையாறு_ஆலமரம்:

வாட்ஸப்பைப் பொறுத்தவரை வரிசை தவறினால் எல்லாம் வீண். கூகுள் டிரைவில் உள்ள பேக்கப்பை ஐபோனில் திறக்க முடியாது. நேர்வழி, ஆண்ட்ராய்டில் "மூவ் டு ஐஓஎஸ்" என்ற ஆப். புது ஐபோனை முதன்முதலாக இயக்கி அமைக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். முகப்புத் திரைவரை போய்விட்டீர்கள் என்றால், ஐபோனை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இரண்டு போன்களையும் சார்ஜரில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். ஐபோனில் "ஆண்ட்ராய்டிலிருந்து தரவைக் கொண்டுவா" என்பதைத் தேர்ந்தால் ஓர் எண் தோன்றும். அதைப் பழைய போனில் இட்டு, பட்டியலில் வாட்ஸப்பைத் தொட்டு, ஸ்டார்ட் கொடுங்கள். தயாரானதும் பழைய போனில் வாட்ஸப் தானாக வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம். நகர்ந்து முடிந்தபின் ஐபோனில் வாட்ஸப்பை நிறுவி அதே எண்ணால் நுழையுங்கள். 14 ஜிபி என்றால் இரவில் செய்வது நல்லது. அதற்குமுன் பட்டறைக்காரர் சொன்னபடி வீடியோக்களைக் கழித்துவிட்டால் நேரம் பாதியாகும். நடுவில் வேறு ஆப்புக்குத் தாவினால் அறுந்துவிடும்.

யூபிஐக்கு வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும், அதிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப்பே அனுப்பிவிடும். ஐபோனில் ஆப் தானாக எஸ்எம்எஸ் அனுப்ப ஐஓஎஸ் விடாது. எழுதிய செய்தியோடு ஒரு ஜன்னல் திறக்கும், நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு சிம் என்பதால் சரியான எண்ணிலிருந்து போகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தோல்வி இங்கேதான். ரீசார்ஜில் எஸ்எம்எஸ் மிச்சம் இருக்கவும் வேண்டும்.

போன் மாற்றியதும் யூபிஐக்குச் சில நாள் வரம்பு உண்டு. ஆண்ட்ராய்டில் 24 மணி நேரம், ஐபோனில் 72 மணி நேரம் 5,000 ரூபாய்தான் என்று வைத்திருக்கும் வங்கிகள் இருக்கின்றன. ஆகவே வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டும் வாரத்தில் மாற்றாதீர்கள்.

பழைய போனைப் பத்து நாளாவது அழிக்காமல் வைத்திருங்கள். கொடுப்பதற்குமுன் முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாங்குபவரிடம் போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும்.

நிரல்_நெசவாளி:

அமெரிக்கப் போன் வேண்டாம். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பதில் சிம் போடும் இடமே கிடையாது, அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். உங்கள் இரண்டு சிம்களையும் இசிம் ஆக்க வேண்டியிருக்கும். அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது என்பது விதி. இசிம்முக்கு மாறும்போதும் அதே நிலைதான். அந்த ஒரு நாள் ஓடிபியும் இல்லை, யூபிஐ பதிவும் இல்லை. அடுத்த முறை போன் கெட்டால் சிம்மைக் கழற்றி பழைய போனில் போடுகிற வசதியும் போய்விடும்.

சென்னைப் பர்மா பஜார் கடைகளிலோ தெரிந்தவரிடமோ பழைய ஐபோன் பார்த்தாலும் இதையே சோதியுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் மாடல் எண் வரும். இந்தியாவில் விற்றதில் சாய்கோட்டுக்கு முன் எச்என் என்று இருக்கும், அமெரிக்காவில் விற்றதில் எல்எல். அதே பக்கத்தில் பேட்டரி அல்லது டிஸ்ப்ளேவுக்கு எதிரே "அறியப்படாத பாகம்" என்றிருந்தால் வெளியில் மாற்றியது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். திருட்டுப் போனா என்று பார்க்க, *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை எடுத்துக்கொண்டு, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போன் என்று பதில் வந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.