முகத்தைப் பார்த்து ஆளை எடை போடலாமா?

கல்லாப்பெட்டி:
ரொம்ப நாளாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வேலை கேட்டு வருகிற பையனின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன், சான்றிதழ் எல்லாம் அப்புறம். கண் இடுங்கி, மோவாய் ஒடுங்கி இருந்தால் கல்லாவில் உட்கார வைக்க மாட்டேன், குடோனுக்கு அனுப்பிவிடுவேன். சாமுத்திரிகா லட்சணம் என்று பெரியவர்கள் சும்மாவா எழுதி வைத்தார்கள்? வள்ளுவரே 'நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்' என்கிறார்.

தெற்குவாசல்:
அண்ணே, அந்தக் குறள் குறிப்பறிதல் அதிகாரத்தில் வருவது. மனசுக்குள் பொங்குகிற கோபமோ மகிழ்ச்சியோ அந்த நேரத்தில் முகத்தில் தெரிந்துவிடும் என்கிறார், அவ்வளவுதான். மோவாய் ஒடுங்கினவன் கல்லாவில் கை வைப்பான் என்று எங்கே சொன்னார்? உங்களைப் போலவே முகலட்சணம் பார்த்த ஒருவர்தான் பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய். 1831-ல் டார்வினைப் பார்த்ததும், இப்படி மூக்கு உள்ளவனுக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய மனஉறுதி இருக்குமா என்று தயங்கியிருக்கிறார். இதை டார்வினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மூக்கோடுதான் ஏறக்குறைய ஐந்து வருடம் உலகத்தைச் சுற்றினார்.

நிலாமுற்றம்:
ஒரு டார்வினை வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. டோடொரோவ் என்கிற உளவியலாளர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சகாக்களோடு 2005-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அமெரிக்க செனட் தேர்தல்களில் மோதிய இருவரின் படத்தையும் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று மட்டும் கேட்டார்கள், அடையாளம் தெரிந்த முகங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியும் சுமார் 70 சதவீதத் தொகுதிகளில் அவர்கள் கைகாட்டியவர்தான் ஜெயித்திருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லாமலா இத்தனை பேர் ஒரே ஆளைக் காட்டுவார்கள்?

தெற்குவாசல்:
ஜெயித்தவர் திறமைசாலி என்று யார் சொன்னது? ஓட்டுப் போட்டவர்களும் அதே கண்ணால்தானே பார்த்திருப்பார்கள்! பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் மோதியவர்களின் படங்களை சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் காட்டி, உங்கள் கப்பலுக்கு யாரைக் கேப்டனாக வைப்பீர்கள் என்று கேட்டதிலும் இதே கதைதான், பெரும்பாலும் ஜெயித்தவரையே காட்டினார்கள். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு பிரெஞ்சு அரசியல் தெரியுமா? எல்லோருக்கும் ஒரே மாதிரி தோன்றுகிறது என்பது வேறு, தோன்றியது சரி என்பது வேறு. கால்டன் என்ற ஆங்கிலேயர் 1870-களில் குற்றவாளிகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்துப் பார்த்தார், திருட்டு முழி எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க. கடைசியில் வந்தது தனித்தனிப் படங்களைவிடப் பார்க்க லட்சணமான முகம்.

கல்லாப்பெட்டி:
தம்பி, படித்தவர் நன்றாகப் பேசுகிறீர்கள். என் கடைக்குள் நுழைகிற அம்மாவும் அதே கண்ணோடுதானே வருகிறார்? ஐயாயிரம் ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு முகம் கல்லாவில் வேண்டும். பெரியவர்கள் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும், வியாபாரத்துக்கு அது உண்மை.

தெற்குவாசல்:
இது வேறு பேச்சு. வாடிக்கையாளர் நம்புகிற முகம் வேண்டும் என்றால் அப்படியே சொல்லுங்கள், அதற்காக இன்னொருத்தனைத் திருடன் ஆக்க வேண்டாம். குடோனுக்கு அனுப்பியவனை ஒருநாளாவது கல்லாவில் உட்கார வைத்தீர்களா? இல்லை. பிறகு உங்கள் கணிப்பு சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? ஏமாற்றிப் பிழைக்கிறவனுக்கு நல்ல முகம்தான் முதலீடு, அவன்தான் உங்கள் பரீட்சையில் முதல் மார்க் வாங்குவான்.

நிலாமுற்றம்:
இதை நானும் கேட்க நினைத்தேன். அண்ணே, கல்லாவுக்கு மேலே கேமரா வைத்திருக்கிறீர்களா?

கல்லாப்பெட்டி:
வைத்திருக்கிறேன். அது பையனுக்காக இல்லை, கள்ளநோட்டு நீட்டுகிறவர்களுக்காக. தீபாவளிக் கூட்டத்தில் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?