புதுப்பிப்பு: ஓடும்போது பெருவிரல் நகம் கறுத்தது, முன்னெலும்பு வலி (தீர்ந்தது)

இரண்டு மாதங்களுக்கு முன், ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே பெருவிரல் நகம் கறுத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பும் வலிக்கிறது, எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்தது இதுதான்.

நகத்துக்குக் காரணம் அளவு. 'மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது, ஓடும்போது அணியும் காலுறையோடு நின்றபடி அளந்து பாருங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியே செய்தேன். என் வலது பாதம் இடதைவிட நீளம் என்பது இத்தனை வயதில் அன்றுதான் தெரிந்தது! வலது பாதத்தைக் கணக்கில் வைத்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி, வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். விரல் முட்டுவது நின்றது. பழைய கறுப்பு மட்டும் நகம் வளர வளரத்தான் போகும். அதற்குப் பல மாதங்கள் ஆகும்.

எதிர்பாராத ஒன்று: புதிய ஷூவில் குதிகால் வழுக்கியது. மேற்கோடியில் சும்மா இருக்கும் கூடுதல் துளையில் கயிற்றைக் கோத்து இரு பக்கமும் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க நுனியை அதனுள் நுழைத்து இறுக்கினேன். சரியாகிவிட்டது. அந்தத் துளை அழகுக்கு என்றே நினைத்திருந்தேன்.

முன்னெலும்பு வலிக்குக் காரணம் ஷூ அல்ல, என் அவசரம்தான். வலி அடங்கும்வரை ஓய்வெடுத்தேன். பிறகு வாரம் 3 நாள், 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று மாறி மாறி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். நேற்று 20 நிமிடம் நிற்காமல் ஓடினேன்.